சாயாத கோடு

ஆற்றுத் திருவிழா அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் இருக்காது என்பது தென்னந்திட்டுக்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம். தை ஐந்தாம் நாள் சுற்றுப்பட்டுச் சாமிகள் எல்லாம் டிராக்டர் ஏறி, மேளமும் வேட்டுமாக ஆற்றுக்கு வந்து இறங்கும். ஆறு வெறும் மணலாகக் கிடக்கும். கல்யாண மண்டபத்துக்குத் தண்ணீர் அடிக்கிற டேங்கர் லாரி அன்றைக்கு மட்டும் ஒரு சாமந்தி மாலையைப் போட்டுக்கொண்டு மணலில் இறங்கும். டிரைவர் ஓஸ் பைப்பைப் பிடிப்பான், சாமி முழுகும். பார்க்கச் சகிக்காது. ஆனாலும் வருஷா வருஷம் கூட்டம் என்னவோ குறையவில்லை.

மேற்கே அணை கட்டுவதற்கு முன்னால் இப்படி இல்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஐப்பசி கார்த்திகையில் கரை புரண்ட வெள்ளம் மார்கழி முழுக்க இளைத்துக்கொண்டே வந்து, சாமி முழுகுவதற்கென்றே தை ஐந்தில் முழங்கால் அளவு நிற்குமாம். பெரியவர்கள் நிறையத்தான் சொல்வார்கள். அதில் எது நிஜம், எது சும்மா என்று அளந்து பார்ப்பதுதான் மணிவண்ணனுக்கு வேலை.

அவன் காலனிப் பையன். புவியியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, பாண்டிச்சேரியில் அர்ச்சனா மேடம் நடத்துகிற ஆராய்ச்சித் திட்டத்தில் சேர்ந்திருந்தான். அணை வந்த பிறகு ஆற்றின் போக்கு எப்படி மாறிப்போனது என்பதுதான் ஆராய்ச்சி. சங்கராபரணி ஆற்றில் இரண்டு இடத்தில் இரும்புக் குழாய் நட்டு, உள்ளே தண்ணீரின் உயரத்தை அளக்கிற கருவியைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒன்று மேற்கே படுகைமேட்டுத் தடுப்பணைக்குக் கொஞ்சம் மேலே, இன்னொன்று தென்னந்திட்டுப் பாலத்துத் தூணில். இரண்டும் கால் மணிக்கு ஒரு தரம் அளந்து போனுக்கு அனுப்பும். போனில் அது ஒரு கோடாக ஓடும். அந்தக் கோட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர், அர்ச்சனா மேடமும் மணிவண்ணனும்.

சேர்ந்த புதிதில் மேடம்தான் அவனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். மழையில் பெருகுகிற ஆறு சட்டென்று ஏறும், இறங்க மட்டும் நாள் கணக்காகும். கோடு மலையேறி இறங்குகிற மாதிரி ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் நீளமாகச் சாய்ந்தும் இருக்கும். அணையிலிருந்து விடுகிற தண்ணீர் அப்படி வராது, படிக்கட்டாக வரும்.

"ஆறு நேர்கோடு போடாது மணி. ஒண்ணு ஏறும், இல்லன்னா சாயும். கோடு சாயாம நேரா நின்னுச்சுன்னா, எங்கயோ ஒரு கை தண்ணியப் பிடிச்சு வெச்சிருக்குன்னு அர்த்தம். மத்ததெல்லாம் அப்புறம், மொதல்ல அந்தக் கையத் தேடுங்க."

அதை அவன் மறக்கவே இல்லை. மறந்திருந்தால் கதையே வேறு.

பொங்கலுக்கு முந்தின வாரம் உலகநாதன் காலனிக்குள் வந்தார். ஊர்ப் பக்கத்துக் கரும்புக்காரர், திருவிழாக் கமிட்டித் தலைவர். மணிவண்ணனின் அப்பா ஆயுள் முழுக்க அவர் கொல்லையில் கரும்பு வெட்டியவர். ஆண்டே என்று கூப்பிட்டவர். மணிவண்ணன் படித்து முடித்த கையோடு சார் என்று மாற்றிக்கொண்டான். அது அவருக்குப் பிடித்திருந்ததா என்று இன்றுவரை தெரியாது. எப்போதும் தெருமுனையில் வண்டியை நிறுத்தி ஆளனுப்புகிற மனிதர், அன்றைக்கு வாசல்வரை வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். தங்கை தேவி காப்பி கொடுத்தாள். வாங்கிக் குடிக்கவும் செய்தார்.

"தம்பி மணி, இந்த வருஷம் டேங்கர் கிடையாது. ஆளப் புடிச்சு, மேல பேசி, அணையில தண்ணி உடச் சொல்லிட்டன். மொத நாளு சாயந்திரம் ஷட்டரத் தூக்குவாங்க. ராத்திரியே எறக்கிடுவாங்க. அவ்ளோதான் கெடைக்கும். அது நம்மூருக்கு எப்ப வரும், எம்மாம் வரும்? நீ இன்னாமோ மிசினு வச்சிக்கினு அளக்கறியாமே, நீதான் பாத்துச் சொல்லணும்."

ஊர் காலனியிடம் வந்து கேட்கிறது. அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று மணிவண்ணன் நினைத்தான். தலையும் கொஞ்சம் கனத்தது. கனக்காதா பின்னே?

அவன் அலட்சியமாகச் சொல்லவில்லை. ஐப்பசியில் விட்ட தண்ணீர் எவ்வளவு நேரத்தில் வந்தது, காய்ந்த மணல் எவ்வளவு குடிக்கும் என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து, மறுநாள் அவர் வீட்டுக்கே போய்ச் சொன்னான்.

"விடியறதுக்குள்ள வந்துடும் சார். முழங்காலுக்கு மேல ஏறாது. வெயில் ஏறறதுக்குள்ள வடிஞ்சிடும்."

"அது போதும்பா சாமிக்கு," என்றார் உலகநாதன்.

தேவி அவனுடைய ஒரே தங்கை. அதே தெருவில் பாக்யராஜைக் கட்டிக்கொண்டவள். அவன் அரியூர் ஆஸ்பத்திரியில் லிப்ட் இயக்குகிறான். ஆற்றுத் திருவிழா என்றால் சுருளிக் கிழங்கு. அதை வாங்காமல் யாரும் வீடு திரும்ப மாட்டார்கள். மூன்று வருஷமாக தேவி அண்டா நிறைய அவித்து மணலில் வைத்து விற்கிறாள். அந்தக் காசில்தான் காதில் இருக்கிற தோடு வந்தது. கடை போட இடம் ஒதுக்குவது கமிட்டி. மேட்டு மணலில் ராட்டினத்துப் பக்கம் ஊர்க்காரர்கள், பாலத்தை ஒட்டிய பள்ளத்தில் காலனிக்காரர்கள். யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை. ஆனால் மாறியதும் இல்லை.

அந்தப் பள்ளம் வெறும் பள்ளம் இல்லை. திருட்டு மணல் அள்ளி அள்ளி ஆள் ஆழத்துக்குக் குழி விழுந்த இடம். மேலே காய்ந்த கோரையும் குப்பையுமாக மூடிக் கிடக்கும்.

"அண்ணா, இந்தத் தடவ தண்ணி வருதுன்ற. நான் பள்ளத்துல கடை போடலாமா வேணாமா?" என்று தேவி கேட்டாள். "தண்ணி இல்லன்னா குழி கண்ணுக்குத் தெரியும், சுத்திக்கினு போயிடலாம். தண்ணி நின்னுச்சுன்னா எது குழி எது தரைன்னு எனக்கு இன்னா தெரியும்?"

"நீ வர்றதுக்குள்ள தண்ணி வந்து போயிருக்கும்டி. அப்படியே லேட்டானாலும் நான் பாலத்து மேலதான் நிக்கப் போறன். போன்லயே எல்லாம் தெரியும். ஏறுதுன்னா மொத ஆளா உனக்குத்தான் சொல்லுவன், போதுமா?"

"நீ சொன்னா சரி. பெரிய ஆத்து ஆபீசரு!" என்று சிரித்தாள். பாக்யராஜுக்கு மட்டும் மனசில்லை. இந்த ஒரு வருஷம் விட்டுவிடேன் என்றான். எங்க அண்ணன் பார்த்துக்கொள்ளும் என்று அவன் வாயை அடைத்துவிட்டாள்.

திருவிழா அன்றைக்குச் சனிக்கிழமை. இருட்டோடு எழுந்து மணிவண்ணன் போனைப் பார்த்தான். மேற்கே படுகைமேட்டில் கோடு ஏறிக்கொண்டிருந்தது. அவன் சொன்ன நேரத்துக்கு, அவன் சொன்ன மாதிரியே. சந்தோஷம் தாங்காமல் அந்த நேரத்திலேயே உலகநாதனுக்குப் போன் போட்டுச் சொன்னான். அவரும் மேளக்காரர்களை எழுப்பிவிட்டார்.

ஆனால் பாலத்துக்குத் தண்ணீர் வரவில்லை. விடிந்தது, வரவில்லை. வெயில் ஏறியது. சாமிகள் ஒவ்வொன்றாக வந்து கரையில் வரிசைகட்டின. ராட்டினம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. பொரிக்கடை, வளையல் கடை, பலூன்காரன், கரும்புக்கட்டு என்று மேட்டு மணல் நிறைந்து, ஜனம் பாலத்தின் இரண்டு பக்கமும் நின்று மேற்கே எட்டி எட்டிப் பார்த்தது. ஆறு மணலாகவே கிடந்தது.

"இன்னாடா மணி, விடியறதுக்குள்ளன்ன? மணி இன்னா ஆவுது பாரு," என்று உலகநாதன் வந்தார். தம்பி போய் டா வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். "மிசினு சொல்லிச்சாம்!" என்றான் ஒருவன்.

மணிவண்ணனுக்கு முகம் எரிந்தது. போனை எடுத்துப் பார்த்தான். படுகைமேட்டுக் கோடு ஏறிய உயரத்திலேயே நின்றது. ஆடாமல் அசையாமல், அடிக்கோல் வைத்துப் போட்ட மாதிரி நேராக.

அணையில் ஷட்டரை ராத்திரியே இறக்கிவிட்டார்கள். மேலிருந்து வரத்து நின்றுவிட்டது. அப்படியென்றால் இந்நேரம் கோடு சாய்ந்திருக்க வேண்டும். தண்ணீர் கிழக்கே ஓடியிருந்தாலும் சாய்ந்திருக்கும், மணல் குடித்திருந்தாலும் சாய்ந்திருக்கும். சாயவில்லை. இதை அவன் பார்த்தான். பார்க்கவில்லை, அவசரத்தில் கவனிக்கவில்லை என்றால் பாவம் என்று விட்டுவிடலாம். நன்றாகப் பார்த்தான். மேடம் சொன்னதுகூட நினைவுக்கு வந்தது. கையைத் தேடு.

படுகைமேட்டில் தடுப்பணை ஓரம் டீக்கடை வைத்திருக்கிற ஆதிமூலத்தின் நம்பர் அவன் போனிலேயே இருந்தது. குழாயை ஆடுமாடு முட்டாமல் பார்த்துக்கொள்கிற மனிதர். ஒரு போன் போட்டால் என்ன ஏது என்று தெரிந்துவிடும். போடத்தான் நினைத்தான்.

அதற்குள் உலகநாதன் அவன் தோளைப் பிடித்து மைக் இருந்த மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனார். பாலத்தின் தெற்கு முனையில் பலகை போட்டுக் கட்டிய மேடை.

"வருமா வராதா? ஒண்ணு சொல்லு. வராதுன்னா டேங்கருக்கு ஆளனுப்பணும். சாமிங்கள எம்மாம் நேரம் வெயில்ல நிறுத்தறது? எல்லாரும் என்னைய இல்ல காறித் துப்பறானுங்க. நீயே சொல்லிடு உன் வாயால."

மைக்கைக் கையில் திணித்தார். தென்னந்திட்டுத் திருவிழா மைக்கில் காலனிக்காரன் ஒருவன் பேசியது அதுதான் முதல் தடவை. எத்தனை முகங்கள்! எல்லாம் அவனையே பார்த்தன. தெரியவில்லை, தண்ணீரை எங்கேயோ பிடித்து வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது, எல்லோரும் மணலைவிட்டு மேலே ஏறிவிடுங்கள் என்று சொன்னால் என்ன ஆகும்? ராட்டினக்காரன் கத்துவான், கடைக்காரர்கள் கத்துவார்கள். ஏறிய பிறகு தண்ணீர் வராமல் போனால் அடுத்த வருஷமும் அதற்கடுத்த வருஷமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். படித்தவனாம், காலனிக்காரனாம், அளந்தானாம் என்பார்கள். மணல் குடித்துவிட்டது என்றால் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். மணல் குடிப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. யாரென்று பார்க்காமலே துணிக்கு மேலாகப் பொத்தானை அழுத்தி அடக்கினான்.

"அணையிலிருந்து விட்ட தண்ணீரை மணல் உறிஞ்சிவிட்டது. இன்றைக்கு ஆற்றில் தண்ணீர் வராது," என்றான். மைக்கில் அவன் குரல் அவனுக்கே பெரிய மனுஷக் குரலாகக் கேட்டது.

கூட்டம் உச்சுக்கொட்டியது. அத்தோடு ஆற்றுக்குள் இறங்கவும் செய்தது. இவ்வளவு நேரம் தண்ணீர் வரும் என்று கரையில் நின்றவர்கள் எல்லாம் நடு ஆற்றுக்குப் போய்த் துண்டு விரித்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் மணலைத் தோண்டி ஊற்றெடுத்தார்கள். தேவி பள்ளத்தின் விளிம்பில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தாள். பாலத்தின் நிழல் இன்னும் உள்ளே, அடிப்பள்ளத்தில் விழுந்திருந்தது. அங்கே கையைக் காட்டி, அப்புறம் மேற்கே கையைக் காட்டி, வராதில்ல என்பதுபோலப் பாலத்தைப் பார்த்து அவனைக் கேட்டாள். வராது என்று மணிவண்ணன் தலையாட்டினான். அண்டாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு நிழலுக்குப் போய் உட்கார்ந்தாள்.

படுகைமேட்டில் நடந்தது பிற்பாடுதான் எல்லோருக்கும் தெரிந்தது. ஆற்றில் முதல் முழுக்கு படுகைமேட்டு அம்மனுக்கு என்பது அந்த ஊர்க்காரர்களின் வழக்கம். தண்ணீர் ஓடியவரைக்கும் அதில் சண்டை வரவில்லை, எல்லோருக்கும் இருந்தது. இந்த வருஷம் தண்ணீர் கொஞ்சம்தான் என்று தெரியும். அம்மனும் புறப்பட்டு வந்துவிட்டாள், ஆனால் அதற்குள் ராகு காலம் பிறந்துவிட்டது. சனிக்கிழமை ராகு காலம் காலையிலேயே வந்துவிடுமே. அது கழியாமல் முழுக்காட்ட மாட்டேன் என்று பூசாரி உட்கார்ந்துவிட்டார். விட்டால் தண்ணீர் ஓடிவிடும். அம்மன் வரத் தாமதமாகலாம் என்று எண்ணி, விடியற்காலையிலேயே இளவட்டங்கள் தடுப்பணையின் திறப்பில் பலகையைச் சொருகி, உர மூட்டைச் சாக்கில் மணலை ரொப்பி மார் உயரத்துக்கு அடுக்கிவைத்திருந்தார்கள். யாரையும் கெடுக்கவேண்டும் என்று செய்யவில்லை. சாமிக்காகச் செய்தார்கள். ராகு காலம் கழிந்தது, அம்மன் மஞ்சளும் மாலையுமாக முழுகி எழுந்தாள். கிழக்கே இருக்கிற சாமிகளுக்குத் தண்ணீர் போகட்டும் என்று நல்ல மனசோடு ஒரு மூட்டையை உருவினார்கள். ஒன்றோடு நிற்கவில்லை. அடுக்கு மொத்தமும் பிய்த்துக்கொண்டு போனது.

மணிவண்ணன் ஆதிமூலத்துக்குப் போன் போடலாம் என்று அப்போதுதான் போனை வெளியே எடுத்தான். அர்ச்சனா மேடத்தின் அழைப்புகள் வரிசையாக இருந்தன. கீழே ஒரு செய்தி. "மணி, கோடு சாயல. யாரோ பிடிச்சு வெச்சிருக்காங்க. ஆளுங்கள மணல விட்டு மேல ஏத்துங்க. உடனே."

கோட்டைத் திறந்தான். இப்போது அது நேராக இல்லை. கயிறு அறுந்த வாளி மாதிரி ஒரேயடியாகக் கீழே விழுந்திருந்தது.

அவன் மேடைக்கு ஓடினான். காணாமல்போன குழந்தையின் சட்டை நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவனிடமிருந்து மைக்கைப் பிடுங்கினான்.

"தண்ணி வருது! எல்லாரும் மேல ஏறுங்க! ஆத்த விட்டு ஏறுங்க!"

மணலில் இருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பலர் சிரித்தார்கள். "இப்பதான்யா வராதுன்ன," என்று ஒருவர் சத்தமாகச் சொன்னதற்கு இன்னும் பெரிய சிரிப்பு எழுந்தது. கொஞ்சம் பேர் எழுந்து துண்டை உதறினார்கள். அதுவும் மெதுவாகத்தான்.

தண்ணீர் வந்தது. அதன் முதல் நாக்கு கணுக்காலளவுதான். அம்மனின் மஞ்சளும் குங்குமமும் கலந்து, நுரை கட்டி, மேலே சாமந்திப் பூவாக மிதந்துகொண்டு வந்தது. இதைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? பெண்கள் குலவையிட்டார்கள். முதல் தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்ள வேண்டும் என்று மேட்டில் இருந்தவர்கள்கூட இறங்கி ஓடினார்கள். ஏறச்சொன்ன ஜனம் அத்தனையும் தண்ணீரைப் பார்த்து ஓடியது. மேளம் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. உலகநாதன் அவனிடமிருந்து மைக்கை வாங்கி, "தண்ணி வந்துடுச்சு! ஆத்தா கண்ணத் தொறந்துட்டா!" என்று அழுதேவிட்டார்.

மணிவண்ணன் பாலத்தின் கைப்பிடிச் சுவருக்கு ஓடினான். கீழே தேவி நின்றுகொண்டிருந்தாள். செம்பில் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள். நெற்றியில் ஒரு பூ ஒட்டிக்கொண்டது. அண்ணாந்து அவனைப் பார்த்தாள். மேளச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை, ஆனால் வாய் அசைந்தது தெரிந்தது. அண்ணா, வந்துடுச்சு பாரு என்றாள். அவனே கொண்டுவந்த தண்ணீர் என்பதுபோல அவ்வளவு பெருமை அந்த முகத்தில்.

"மேல ஏறு தேவி! ஏறுடி!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினான். இரண்டு கையையும் வீசினான். அவளும் சிரித்துக்கொண்டே கையை வீசினாள்.

பின்னால் வந்த தண்ணீர் சினிமாவில் வருகிற மாதிரி மலையாக வரவில்லை. இடுப்பளவுதான், பழுப்பாக, சத்தம் போடாமல் வந்தது. மேட்டு மணலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு தடுமாறிக் கரையேறினார்கள். பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். ராட்டினத்தை நிறுத்தி அதில் தொற்றிக்கொண்டார்கள். பள்ளத்தில் இருந்தவர்களையும் பாலத்திலிருந்து சேலையைக் கயிறாக முறுக்கிக் கீழே விட்டு ஏற்றினார்கள். தேவி அண்டாவைத் தூக்கக் குனிந்தாள். அவள் நின்றது ஒரு குழியின் விளிம்பு, அது தண்ணீரில் ஊறிச் சரிந்தது. மணிவண்ணன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் இருந்த இடத்தில் அண்டா மட்டும் மிதந்தது.

அவன் எப்படிக் கீழே வந்தான் என்று அவனுக்கு நினைவில்லை. பாக்யராஜ் டூட்டி முடிந்து அப்போதுதான் வந்தவன், யூனிபாரத்தோடு குதித்தான். தண்ணீர் கிழக்கே இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று எல்லோரும் ஆற்று வளைவு வரைக்கும் கோரைப்புதரை விலக்கி விலக்கித் தேடினார்கள். அவளைத் தண்ணீர் எங்கேயும் கொண்டுபோகவில்லை. மத்தியானத்துக்குள் ஆறு வடிந்து பழையபடி மணலானபோது, பாலத்தின் நிழலில் அந்த ஒரு குழியில் மட்டும் தண்ணீர் நின்றது. அதற்குள்தான் இருந்தாள்.

உலகநாதன் வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நிஜமாகத்தான் அழுதார். அதற்கு முன்னால், தண்ணீர் வடிவதற்குள் சாமிகளை முழுக்காட்டிவிடும்படியும் சொல்லிவிட்டுத்தான் வந்தார். ஆத்தா ஒரு உயிரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள் என்று ஊரில் பேசினார்கள். மணி மட்டும் மைக்கில் கத்தவில்லை என்றால் இன்னும் எத்தனை பேரோ என்றும் பேசினார்கள். அவன் முன்னால் சொன்ன வார்த்தையை யாரும் எடுக்கவே இல்லை. மணல் குடித்துவிட்டது என்றான், அப்புறம் எப்படியோ தண்ணீர் வந்துவிட்டது, அவன் என்ன செய்வான்? இழவுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பாவம் என்றார்கள். அந்தக் கையை வெட்டிப்போடலாம் போலிருந்தது அவனுக்கு.

அர்ச்சனா மேடம் அடக்கத்துக்கு வந்திருந்தார். எல்லாம் முடிந்து ஜனம் கலைந்தபோது புளியமரத்தடியில் அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான் போன் பண்ணேன் மணி," என்றார் மெல்ல.

உலகத்தில் அந்தக் கோட்டைப் படிக்கத் தெரிந்த இன்னொரு ஆள் அவர்தான். அவரிடம் சொன்னால் புரியும். அதனால்தான் சொல்ல வாய் வரவில்லை.

"மைக் சத்தத்துல கேக்கல மேடம். கோட்டப் பாக்கவே இல்ல," என்றான்.

மேடம் நம்பினார். அவன் தோளைத் தொட்டு, தானும் அழுதார். இன்னும் கொஞ்சம் முன்னாலேயே கூப்பிட்டிருக்க வேண்டும், என் தப்பு என்றார். அதையும் அவன் கேட்டுக்கொண்டு நின்றான்.

கருமாதிக்கு நாள் குறித்தாயிற்று. காலனியில் காரியம் எல்லாம் ஆற்றில்தான். மணலில் பந்தல் போட்டு, படையல் வைத்து, ஓடுகிற தண்ணீரில் முழுகி எழ வேண்டும். முதல் நாள் சாயங்காலம் பாக்யராஜ் வந்தான். சவரம் செய்யாத முகத்தோடு அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். தேவி காப்பி கொடுக்க இல்லாத வீட்டில் மணிவண்ணனே ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தான்.

"மச்சான், நாளைக்கு ஆத்துல தண்ணி இருக்குமா? போன்ல பாத்துச் சொல்லேன். இருந்தா அங்கயே முழுகிடலாம். இல்லன்னா உலகநாதன் டேங்கர் அனுப்பறன்னு சொல்லிக்கினு இருக்காரு."

மணிவண்ணன் போனை எடுக்கவில்லை. இவனிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. இவன் அடிக்கட்டும். செருப்பால் அடிக்கட்டும். அப்போதாவது மூச்சு வரும்.

"மச்சான், அன்னிக்கு நான் கோட்டப் பாத்தன். அது சாயல. தண்ணிய யாரோ புடிச்சு வச்சிருக்காங்கன்னு எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் வராதுன்னு சொன்னன். மைக்குல சொன்னன். அவ கையக் காட்டிக் கேட்டப்பவும் தலையாட்டினன். அசிங்கமாயிடுமேன்னு சொல்லிட்டன் மச்சான். நான்தான் அவள உள்ள உக்கார வச்சன்."

பாக்யராஜ் அவனையே பார்த்தான். முகத்தில் கோபம் எதுவும் வரவில்லை. பித்துப் பிடித்துவிடுமோ என்கிற கவலைதான் வந்தது. எழுந்துவந்து அவன் முதுகைத் தடவிக்கொடுத்தான்.

"கோடு கீடெல்லாம் எனக்கு இன்னா மச்சான் தெரியும்? நீயா அவளத் தள்ளிவுட்ட? உன்னயே நெனச்சுப் புலம்பிக்கினு இருக்காத. எங்க அண்ணன் பாத்துக்கும்னு எம்மாம் பெருமையாச் சொல்லுவா தெரியுமா? நீ பாத்துச் சொல்லு, அது போதும். தண்ணி வருமா வராதா?"

மணிவண்ணன் போனை எடுத்தான். இரண்டு குழாயிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. கோடு தரையோடு தரையாக நேராகக் கிடந்தது.

"வராது," என்றான்.

பாக்யராஜ் சரி என்று தலையாட்டிவிட்டு, டேங்கருக்குச் சொல்ல வெளியே போனான்.